கொலுசு கட்டின சைக்கிள்

அக்கா, அந்த ஜன்னல் சீட்டை எனக்குக் குடுக்கிறீங்களா? எனக்கு பஸ்ல வாந்தி வரும். வாந்தி எடுத்தா உங்க மேலதான் எடுப்பேன், அதான் முன்னாடியே சொல்லிடறேன். என் கூட வந்த டீச்சர் அங்க மூணாவது சீட்ல உட்கார்ந்துட்டாங்க பாருங்க, நீலக் கலர் புடவை. திண்டிவனம் தாண்டறதுக்குள்ள தூங்கிடுவாங்க. ஃபைல் என்கிட்ட, டிக்கெட் அவங்ககிட்ட, என் போனும் அவங்ககிட்ட.

சென்னைக்குத்தான். நீங்க? ஆஸ்பத்திரிக்கா? யாருக்கு? சரி சரி, சரியாயிடும்க்கா.

நான் எம்எல்ஏக்களைப் பார்க்கப் போறேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். இது ஆறாவது தடவை. மாநில இளையோர் மன்றம்னு ஒண்ணு இருக்குது, மாவட்டத்துக்கு ரெண்டு பிள்ளைங்க. பேச்சுப் போட்டி வெச்சு எடுத்தாங்க. நம்ம மாவட்டத்துல ஒண்ணு நான், இன்னொண்ணு ஒரு பையன், அவன் ரெண்டு தடவை வந்துட்டு நின்னுட்டான். நான்தான் விடாம போறேன். நாங்க போய் உட்கார்ந்து எங்க ஊர்ப் பிரச்சனையைச் சொல்லணும், எம்எல்ஏங்க ஏழெட்டுப் பேர் குழுவா உட்கார்ந்து கேட்பாங்க. நடுவுல ஒரு அம்மா, அவங்கதான் குழுத் தலைவர். என் பேரு கௌசல்யா. ப்ளஸ் டூ. ஊர்ல என்னை பஸ்ஸுக்காரின்னுதான் கூப்பிடுவாங்க.

எதுக்குன்னா, எங்க ஊருக்கு பஸ் வாங்கிக் குடுத்ததே நான்தான்க்கா. வேலங்குப்பம். செஞ்சியில இருந்து உள்ளே போகணும். எங்களுக்கு ஸ்கூலு ஏழு கிலோமீட்டர். அரசாங்க சைக்கிள் இருக்கு, இல்லேன்னு சொல்லல. காலையில பரவாயில்லை. சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் விட்டு வர அஞ்சரை ஆயிடும். வழியில ஒரு ஒயின்ஷாப்பு, அதைத் தாண்டினா ரெண்டு பக்கமும் கரும்புக் கொல்லை. பொம்பளைப் பிள்ளைங்க பதினாலு பேரு போறோம். எல்லாரும் ஒண்ணாவா வர முடியுது? ஒருத்திக்கு செயின் கழண்டுடும், ஒருத்திக்கு லேப் இருக்கும். எங்கேயோ ஒருத்தி தனியா மாட்டிக்குவா.

முதல் தடவை போனப்ப இதையெல்லாம் கணக்காச் சொன்னேன். இத்தனை பேரு, இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணிக்கு பஸ் விட்டா போதும். மனப்பாடமா ஒப்பிச்சேன், ஒரு எழுத்து தப்பு இல்லை. ஒரு எம்எல்ஏ போனைப் பார்த்துக்கிட்டிருந்தாரு. இன்னொருத்தர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க முடியாம பல்லால கடிச்சுக்கிட்டிருந்தாரு. முடிச்சதும் கை தட்டினாங்க, பேனா குடுத்தாங்க. அவ்வளவுதான். வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அழுதேன்க்கா.

ஷோபனா மேடம்னு மன்றத்துக்கு ஒருத்தங்க இருக்காங்க. எங்களுக்கு எப்படிப் பேசணும்னு சொல்லித் தர்றவங்க. நல்லவங்க, ஒரு சொல்லு கடுமையாச் சொல்ல மாட்டாங்க. அவங்க சொன்னாங்க, "கௌசல்யா, நீ கணக்கு சொல்ற. கணக்கு அவங்ககிட்டயே ஃபைல் ஃபைலா கிடக்கு. நீ ஒரு பொண்ணைக் காட்டு. ஒரே ஒரு பொண்ணு, ஒரே ஒரு நாள். அவங்க கண்ணு முன்னாடி அவ நிக்கணும்."

எனக்கு ஒரு பொண்ணு தெரியும். பூமிகா. எங்க தெருதான், ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஒண்ணா உட்கார்ற ஆளு. நல்லாப் படிப்பா. டென்த்ல ஸ்கூலுக்கே அவதான் ஃபர்ஸ்ட், நான் செகண்ட். நர்ஸிங் படிக்கணும்னு ஒரே பிடிவாதம். இப்ப நான்தான் ஃபர்ஸ்ட். அதுக்காகன்னு நினைக்காதீங்க, அதுக்காக இல்லை.

பூமிகாவுக்கு ஒருநாள் நடந்துச்சு. லேப் முடிச்சுத் தனியா வந்திருக்கா. ஒயின்ஷாப்பு திருப்பத்துல மூணு பேரு சைக்கிளை மறிச்சிருக்கானுங்க. ஒருத்தன் ஷாலைப் பிடிச்சு இழுத்திருக்கான். இவ ஷாலை அவன் கையிலயே விட்டுட்டு, சைக்கிளோட கரும்புக்குள்ள பூந்துட்டா. ஏன் சைக்கிளோடன்னு கேளுங்க. வெளிய விட்டா இங்கதான் இருக்கான்னு தெரிஞ்சுடுமில்லே? ஆனா அந்த சைக்கிள்ல ஒரு வம்பு இருக்கு. அரசாங்க சைக்கிள் எல்லாமே ஒரே கலரு, ஒரே மாதிரி. ஸ்கூல் விட்டா எது யாருதுன்னே தெரியாது. அதனால ஆளாளுக்கு ஒரு அடையாளம் வெச்சிருப்போம். என்னுதுல ஸ்டிக்கரு. பூமிகா அவளோட அறுந்துபோன பழைய கொலுசை ஹேண்டில்ல சுத்திக் கட்டியிருந்தா. மேடு பள்ளத்துல ஏறி இறங்கினா ஜல்ஜல்லுன்னு சத்தம் வரும். தெருமுனையில வரும்போதே பூமிகா வர்றான்னு எல்லாருக்கும் தெரியும்.

கரும்புக்குள்ள அந்தக் கொலுசைக் கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா, சத்தம் வந்துடக் கூடாதுன்னு. அவனுங்க வெளிய பேசிக்கிட்டு நிக்கிறது கேட்குது. முன்னாடியும் போக முடியாது, பின்னாடியும் போக முடியாது. கரும்புத் தோகை முகமெல்லாம் கிழிக்குது. ஒரு மணி நேரம். வெளிய வந்தப்ப அந்தக் கொலுசு முத்தெல்லாம் அவ உள்ளங்கையில அப்படியே பதிஞ்சிருந்துச்சாம்.

அடுத்த நாள் ஸ்கூல்ல டிபன் பாக்ஸ் கழுவுற தொட்டிகிட்ட வெச்சு என்கிட்ட மட்டும் சொன்னா. சொல்லிட்டு என் கையைப் பிடிச்சு அவ தலையில வெச்சுக்கிட்டா. "சத்தியம் பண்ணு கௌசி. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே என்னை நிறுத்திடுவாரு. டென்த்தோடயே நிறுத்தறேன்னவரு." பண்ணேன். அவங்கப்பா தணிகாசலம் மாமா, கொத்தனாரு. கெட்டவர் இல்லை. பயந்தவரு.

சத்தியத்தை மீறலக்கா நான். பேரை மாத்திட்டேன். மேடையில அவ பேரு மலர். தெருவைச் சொல்லல. ப்ளஸ் ஒன்னை டென்த்துன்னு மாத்தினேன். தேதியைக் கூட மாத்தினேன். கொலுசை மட்டும் மாத்தல. அதை மாத்த முடியாது, ஷோபனா மேடம் கேட்டுட்டு அப்படியே உட்கார்ந்துட்டாங்க. "இதுதான் இடம், கௌசல்யா. உள்ளங்கையில பதிஞ்சுதுன்னு சொல்லிட்டு நிறுத்து. மனசுக்குள்ள மூணு எண்ணு. அப்புறம்தான் பஸ்ஸைக் கேட்கணும்."

மறுபடி போனப்ப அப்படியே எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த ஹால்ல ஃபேன் சத்தம் மட்டும்தான். பிஸ்கட் சாப்பிட்டவரு கையில பிஸ்கட்டோட அப்படியே இருக்காரு. தலைவரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமா இருந்துச்சு. என் வாழ்க்கையில அம்மாம் பேரு நான் பேசறதை அப்படிக் கேட்டதே இல்லை.

அதை வீடியோ எடுத்து மன்றத்தோட ஃபேஸ்புக் பக்கத்துல போட்டுட்டாங்க. எங்கப்பா அதைப் பார்த்துட்டு ஊரு வாட்ஸப் குரூப்ல போட்டாரு, "என் மகள்"னு எழுதி, பூங்கொத்து படம் வெச்சு. பெத்தவருக்குப் பெருமை இருக்காதா? அவரைக் குத்தம் சொல்ல முடியுமா?

கொலுசு கட்டின சைக்கிள் ஊர்ல ஒண்ணுதான்.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பூமிகா எங்க வீட்டுக்குப் பின்பக்கமா ஓடி வந்தா. மூச்சு வாங்குது. திட்டுவான்னு பார்த்தேன், திட்டல. "எங்கப்பா உன்கிட்ட கேட்க வர்றாரு. அது நான்தான்னு நீ சொல்லிடு கௌசி. உனக்கு நடந்ததுன்னு சொல்லிடு. கொலுசு மட்டும் பேச்சுக்காக பூமிகா சைக்கிள்ல இருந்து எடுத்துக்கிட்டேன்னு சொல்லு. உங்கப்பா உன்னை ஒண்ணும் சொல்ல மாட்டாருடி, நீ எது பண்ணாலும் தூக்கி வெச்சுக்குவாரு. என்னை எங்கப்பா விட மாட்டாரு."

எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க. எனக்கு மட்டும் ஊரு வாய் இல்லையா? ஊரு வாயை மூட உலைமூடி உண்டா? மூணு பேரு மறிச்சானுங்கன்னா, எதுவரைக்கும் போச்சோன்னு பேசுவாங்க. எங்கப்பா அன்னிக்கே என்னை மன்றத்துல இருந்தும் நிறுத்தி, ஸ்கூல்ல இருந்தும் நிறுத்தியிருப்பாரு. அப்புறம் யாரு போய் பஸ் கேட்கிறது? நான் யோசிச்சேன்க்கா. நான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன், அதுக்குள்ள மாமா வந்துட்டாரு.

சத்தமே போடல. செருப்பைக் கழட்டிட்டு வாசல்லயே நின்னாரு. போன்ல அந்த இடத்தை வெச்சிருந்தாரு. என் குரல் கேட்குது, உள்ளங்கையில பதிஞ்சுதுன்னு. நிறுத்திட்டு, "கௌசி, இது யாரும்மா?"ன்னு கேட்டாரு. பூமிகா அவருக்குப் பின்னால நிக்கிறா. என்னையே பார்க்கிறா. நான், "எனக்குத் தெரியாது மாமா, மேடம் எழுதிக் குடுத்தாங்க, படிச்சேன்"னேன்.

பூமிகான்னு நான் சொல்லல. எந்தக் கோயில்ல வேணா சூடம் அணைச்சுச் சொல்றேன், அவ பேரு என் வாயில இருந்து வரவே இல்லை. ஆனா அவரு நம்பல. தலையை ஆட்டிட்டுச் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அந்த வாரமே டிசி வாங்கிட்டாங்க. ஹெச்எம் எவ்வளவோ பேசினாங்க. கல்யாணம் பண்ணி வைக்கல, அது வரைக்கும் நல்லது. திருப்பூர்ல அவங்க சித்தி இருக்காங்க, பனியன் கம்பெனியில. அங்க அனுப்பிட்டாங்க. சைக்கிள் அவங்க வீட்டுப் பக்கத்துல சாத்தி இருக்குது, அவ தம்பி ஓட்டறான். கொலுசைக் கழட்டிட்டாங்க.

மல்லாட்டை வேணுமாக்கா? அவிச்ச வேர்க்கடலை. இந்த ஸ்டாப்புல நல்லா இருக்கும். எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க.

அவ போய் ரெண்டு மாசத்துல பஸ் வந்துச்சு. வாழைமரம் கட்டி, மாலை போட்டு, எங்க எம்எல்ஏ கொடி அசைச்சாரு. காலையில ஏழு நாப்பது, சாயங்காலம் அஞ்சே முக்கால். முதல் சீட்ல என்னை உட்கார வெச்சாங்க. போட்டோ இருக்கு, போன் டீச்சர்கிட்ட இருக்கே, இல்லேன்னா காட்டியிருப்பேன். அன்னில இருந்து அந்த முதல் சீட்டு எனக்குத்தான், யாரும் உட்கார மாட்டாங்க. என் பக்கத்துலயும் உட்கார மாட்டாங்க. மூணு பேர் சீட்ல நெருக்கிக்கிட்டு அஞ்சு பேரா உட்காருவாளுங்க, இங்க வர மாட்டாளுங்க. மரியாதைதான். கொஞ்சம் பொறாமையும் இருக்கும்.

பூமிகாவுக்கு ஒரு தடவை போன் பண்ணேன். மெஷின் சத்தம் காதைப் பிளக்குது. ஷிப்ட்ல இருக்கேன்னா. அவளே கேட்டா, "பஸ் வருதா?" வருதுடின்னேன். "எத்தனை மணிக்கு?" ஏழு நாப்பதுன்னேன். "நல்ல நேரம்தான். சாப்பிட்டுட்டு வந்துடலாம்"னா. வெச்சுட்டா. கோவமா இருந்தாப் பரவாயில்லைக்கா. கோவமா இருந்தா நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

அத்தோட விட்டுதா? போன மாசம் அஞ்சாவது தடவை போனேன், நன்றி சொல்ல. தலைவரம்மா ஆசையா கேட்டாங்க, "அந்த மலர் பொண்ணு இப்ப எப்படிம்மா இருக்கா?" சிரிச்ச முகமா எட்டுப் பேரு பார்க்கிறாங்க. என்ன சொல்வேன்? "நல்லாப் படிக்கிறாம்மா. இப்ப பஸ்லதான் வர்றா"ன்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. தலைவரம்மா, "அடுத்த தடவை அவளைக் கூட்டிட்டு வா, நாங்க பார்க்கணும்"னாங்க.

ராத்திரி எல்லாம் தூங்கல. ஷோபனா மேடத்துக்குப் போன் பண்ணி உண்மையைச் சொல்லிட்டேன், மேடம் அவ படிப்பை விட்டுட்டான்னு. மேடம் சொன்னாங்க, "கௌசல்யா, அந்த பஸ்ஸு ஆறு மாசம் சோதனைக்குத்தான் விட்டிருக்காங்க. தொடரணுமா வேணாமான்னு இந்தக் கூட்டத்துலதான் பேசப்போறாங்க. அந்தப் பொண்ணுக்கே பிரயோஜனம் இல்லைன்னு தெரிஞ்சா, நிறுத்தறதுக்கு ஒரு காரணம் கிடைச்ச மாதிரி ஆயிடும். மத்த பதிமூணு பேரு என்ன பண்ணுவாங்க?"

சரி, நான் வரல மேடம், உடம்பு சரியில்லைன்னு சொல்லிடறேன்னேன். மன்றத்துல இருந்து லெட்டர் நேரா ஹெச்எம்முக்கு வந்துடுச்சு. ஹெச்எம் டீச்சரைக் கூட அனுப்பிட்டாங்க. காலையில செஞ்சி பஸ் ஸ்டாண்டுல பாத்ரூம் போறேன்னேன், டீச்சர் கதவுகிட்டயே நின்னாங்க. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பிள்ளை தொலைஞ்சுடக் கூடாதுன்னு பயம், பாவம்.

இப்ப நீங்க கேட்கலாம், மலருக்கு எங்க போவேன்னு. அதுக்கும் மேடமே வழி சொல்லிட்டாங்க. "நீயே நின்னுடு. இத்தனை நாளா சொல்லக் கூச்சப்பட்டு வேற பேரு வெச்சேன், அந்தப் பொண்ணு நான்தான்னு சொல்லிடு. நீ படிக்கிற, நீ பஸ்ல வர்ற. பொய்யும் பாதிதான் ஆகும்."

எங்கப்பா வெட்டிப் போட்டுடுவாரு மேடம்னு சொன்னேன். இதையும் வீடியோ எடுப்பீங்க, ஊர்ல எல்லாரும் பார்ப்பாங்கன்னேன். அப்பாகிட்ட நான் பேசறேன்னு சொன்னாங்க. சொன்ன மாதிரியே முந்தாநாள் போன் பண்ணிட்டாங்க. நான் அடுப்பங்கரையில நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். எங்கப்பா உம் உம்முன்னு கேட்டாரு. இப்பத் திட்டுவாரு, இப்பப் போனைத் தூக்கி அடிப்பாருன்னு பார்க்கிறேன்.

போனை வெச்சுட்டு உள்ள வந்தாரு. செம்புல தண்ணி மொண்டு குடிச்சாரு. குடிச்சுட்டு, "அதுக்கென்னம்மா, சொல்லிட்டுப் போ. நீ சொன்னா நம்ம மானம் போயிடுமா? யாரு என்ன பேசினாலும் நான் பார்த்துக்கிறேன். நாலு பிள்ளைங்களுக்கு பஸ் ஓடணுமில்லே"ன்னாரு. அவ்வளவுதான்க்கா. சோறு போடச் சொல்லி உட்கார்ந்துட்டாரு.

நான் தட்டை வெச்சுச் சோறு போட்டேன்.

அப்படிச் சொல்வாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் அவர் பொண்ணு, எனக்கே தெரியல. பூமிகாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

மேல்மருவத்தூர் வந்துடுச்சா? இன்னும் ரெண்டு மணி நேரம்தான் இருக்குது. ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், கேட்கிறீங்களா? சத்தமா சொல்ல மாட்டேன், உங்களுக்கு மட்டும். கேட்டுட்டு நம்புற மாதிரி இருக்கான்னு சொல்லுங்க.

"மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே. நான் இதுவரைக்கும் மலர்னு ஒரு பொண்ணைப் பத்திச் சொன்னேன். அந்தப் பொண்ணு நான்தான்."

இங்க மூணு எண்ணணும்.

எவ்வளவு சுளுவா வருது பாருங்க. ஒரு இடத்துலயும் நாக்கு தடுக்கல. அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல, அவ என்னையே பார்த்துக்கிட்டு நிக்கிறப்ப, இதே மூணு வார்த்தைதான்க்கா.

ஜன்னலை மூடிடட்டுமா? காத்து முகத்துல அடிக்குது. இல்லை, வாந்தி வரல. செங்கல்பட்டு வந்தாச் சொல்லுங்க, டீச்சரை எழுப்பணும்.